பட்டமில்லாத துரைசானி

அக்கா,

நேற்று சாயங்காலம் பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள். இந்த வயதில் எனக்கு இப்படியெல்லாம் நடப்பதில்லை என்பதால் நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. லாவெண்டர் எண்ணெய் விற்கிறவள். ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, "மோந்து பாருங்க அங்கிள்" என்றாள். அந்த ‘அங்கிள்’ காதில் விழுந்து வலிப்பதற்குள் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்துக் கடையில் சோளம் வெந்துகொண்டிருந்தது. எதிரே எண்ணெய்ச் சட்டியில் காளான் பொரிந்துகொண்டிருந்தது. அத்தனை வாடையையும் முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு நீங்கள் முன்னால் வந்து நின்றீர்கள். உயிரோடு இருந்தபோதும் கூட்டத்தில் அப்படித்தான் வருவீர்கள்.

காடியில் ஏறியதும் என் மனைவி மோப்பம் பிடித்தாள். "யாரு அவ?" என்றாள். "செத்துப்போனவ" என்றேன். "அவங்களா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள். குளிர் உள்ளே வந்தது. நீங்கள் இறங்கவில்லை. எஸ்டேட் கேட் வரைக்கும் கூடவே வந்தீர்கள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவிப் பார்த்தேன். பிரயோசனமில்லை. அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

லாவெண்டர் பண்ணை திறந்த வருஷத்திலிருந்து நீங்கள் அதைத்தான் பூசினீர்கள். எஸ்டேட்டில் அதற்குப் பங்களா வாசனை என்று பெயர். ஆபீஸ் வராந்தாவில் அந்த வாசனை வந்தால் கணக்கெழுதும் கிராணி சிகரெட்டை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்ப்பார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சட்டைப் பொத்தானைப் போடுவார். நீங்களோ மார்க்கெட் பையோடு சும்மா நடந்து போய்க்கொண்டிருப்பீர்கள். சம்பளச் செக்ரோலில் உங்கள் உத்தியோகம் பங்களா சமையல்காரி. அதே செக்ரோலில் என் உத்தியோகம் ஃபேக்டரி கிளார்க். இரண்டுமே பாதிப் பொய். நான் வேலை செய்யவில்லை, நீங்கள் சமையல் மட்டும் செய்யவில்லை.

உங்கள் புருஷன் ஜொகூருக்கு லோரி ஓட்டப் போய், அங்கே இன்னொரு வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட ஆரம்பித்துவிட்டவன். மேனேஜர் துரையின் சம்சாரம் பிள்ளைகளின் படிப்புக்காகக் கோலாலம்பூரில் இருந்தவர். ஸ்கூல் லீவுக்கு மட்டும் மலையேறுவார், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு. மீதி மாதமெல்லாம் அந்தப் பெரிய பங்களாவில் துரையும் குளிரும்தான். பேக்கிங் செக்‌ஷனில் இருந்த உங்களைச் சமையலுக்கு அனுப்பியது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. அனுப்பியவனுக்கு ஞாபகமிருந்தால் பெருமூச்சு விட்டிருப்பான்.

பங்களாவின் பின்பக்கச் சமையலறைப் படியில் காலையில் ஆட்கள் நிற்பார்கள். கோழியோடு ஒருத்தி, முறுக்கு டின்னோடு ஒருத்தி, வெறுங்கையோடு அழுதுகொண்டு ஒருத்தி. நீங்கள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பீர்கள். நீங்கள் அன்றைக்குக் கேட்டது மறுநாள் துரையின் வாயிலிருந்து உத்தரவாக வரும். தொழிலாளர் லைனில் கடைசி வீடு, தோட்டத்தோடு, யாருக்கு. ஃபேக்டரிக்கு மாற்றல் யாருக்கு. உங்கள் தம்பிக்கு எஸ்டேட் லோரி கிடைத்தது அப்படித்தான். காலையில் குடித்துவிட்டு வருகிறார் என்று வேலை போக இருந்த ஒருவர் கோயில் கமிட்டித் தலைவர் ஆனதும் அப்படித்தான். நீங்கள் நடந்து போகும்போது காறித் துப்பிய ஒரு பெண், அடுத்த வாரம் ஆடுகூட ஏறாத சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்ததும் அப்படித்தான். நீங்கள் நல்லவர் என்று இந்த மடலில் எங்கேயும் எழுதப் போவதில்லை. எழுதினால் மேலேயிருந்து செருப்பு வரும்.

முகத்துக்கு நேரே உங்களைப் பெரியம்மா என்றார்கள். முதுகுக்குப் பின்னால் பங்களாக்காரி. அந்தப் பாட்டுக்கூட அப்போது வந்ததுதான். கொழுந்து எடுக்கிற பெண்களில் தொடங்கி, தமிழ் தெரியாத பங்களாதேஷ் பையன்கள் வரைக்கும் பாடினார்கள்:

"பங்களாச் சுவத்துக்கு வெள்ளையடிச்சா
பாத்திரம் தேச்ச கை வெளுத்துடுமா?
பட்டு மெத்தையில பாதி ராத்திரி
பாதிக்கு மேலதான் பாயிருக்கே"

எழுதியது யார் என்று எஸ்டேட்டுக்கே தெரியும். நானே எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆளனுப்பிக் கூப்பிட்டீர்கள். படியில் நிறுத்தி முழுசாகப் பாட வைத்தீர்கள். எனக்குக் குரல் நடுங்கியதில் பாட்டு ஒப்பாரி மாதிரி வந்தது. கேட்டு முடித்துவிட்டு, "கடைசி வரி பொய்டா. பாய் எங்க குடுத்தான்? தரைன்னு போடு" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நான் எந்த ஜென்மத்தில் பாட முடியும்?

தண்டனை மறுவாரம் வந்தது. கிளார்க் வேலையிலிருந்து தூக்கி, ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டுகிற கைடு வேலையில் போட்டார்கள். கழுத்தில் பட்டாம்பூச்சி டை. "வாய் அரிக்குதுல்ல, நாள் பூரா பேசட்டும்" என்று சொன்னீர்களாம். நாடு கடத்திவிட்டதாக நினைத்தீர்கள். இன்றைக்கும் எனக்குச் சோறு போடுவது அந்தத் தண்டனைதான். கொழுந்து எப்படி வாடும், எப்படி நசுங்கும், எப்படி வறுபடும் என்று தினமும் நாலு நாட்டுக்காரர்களைச் சிரிக்க வைத்து அனுப்புகிறேன்.

அந்தப் பிரெஞ்சுக்கார அம்மா வந்தது அதற்குப் பிறகு. கம்பெனிக்கு வேண்டிய விருந்தாளிகள், வயதான புருஷனும் பெண்சாதியும். பங்களாவில் சாப்பாடு. சாப்பாட்டு மேசையில் தேயிலை பற்றிப் பேச ஒரு கோமாளி தேவைப்பட்டதால் என்னையும் கூப்பிட்டார் துரை. நீங்கள் பாயசம் கொண்டுவந்து வைத்தீர்கள். துரை கேட்காமலே பிரஷர் மாத்திரையை அவர் டம்ளர் பக்கத்தில் வைத்தீர்கள். அந்த அம்மா பாயசத்தைப் பார்க்கவில்லை, மாத்திரையைத்தான் பார்த்தார். "இந்தப் பெண் யார்?" என்று கேட்டார். துரை ஸ்பூனைக் கீழே வைக்காமலே, "மை குக்" என்றார்.

அந்த அம்மா சமையலறைக் கதவைப் பார்த்தபடியே அவர்கள் ஊர் ராஜா ஒருவரின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். துரை சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்கு அது வெறும் ராஜா கதை.

விருந்தாளிகள் போனதும் என்னைச் சமையலறையில் மடக்கினீர்கள்.

"அந்தக் கிழவி என்னையப் பாத்துப் பாத்து என்னடா சொன்னா?"

சொன்னேன். அந்த ராஜாவுக்கு ஒருத்தி இருந்தாள். பெரிய குடும்பத்துப் பெண் கிடையாது. கல்யாணம் ஆனவள். ராஜா கண்ணில் பட்டாள். அரண்மனைக்குள் வந்தாள். யார் மந்திரி, யார் சேனாதிபதி என்று சொல்கிற இடத்துக்கு வந்தாள். அந்த ஊரில் அது ஒளிவுமறைவான சங்கதியே இல்லை, உத்தியோகம். அதற்கென்று பெயர் உண்டு. எப்படித் தமிழில் சொல்வது என்று யோசித்து, "பட்டத்து ராணி மாதிரி, பட்டத்து ஆசைநாயகின்னு வச்சுக்குங்க" என்றேன்.

சட்டி தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பட்டமே குடுத்தாங்களா?"

"ஆமாக்கா. ராணி முன்னாடி கொண்டு போய் நிறுத்தி, இன்னாருன்னு சொல்லி அறிமுகம் பண்ணுவாங்களாம். சபையே பாக்குமாம். ராணி ரெண்டு வார்த்த பேசணுமாம். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

"ராணி பேசுனாளா?"

"பேசுனாளாம்."

நீங்கள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "துரை என்னைய யாருன்னுடா சொன்னாரு?" என்றீர்கள்.

"வீட்டப் பாத்துக்கிறவங்கன்னு..."

"குக்குன்னாரு. அது எனக்கே புரிஞ்சிச்சு. அதுக்கு எதுக்கு நீ மொழிபெயர்க்கிற?"

அன்றிலிருந்து உங்களுக்கு அந்த ஒரு சொல்தான் முள். வீடு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, தாலிகூடக் கேட்கவில்லை. யாராவது ஒரு நாள் கூட்டத்துக்கு நடுவில் உங்களை இன்னார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். என்னவென்று சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியவில்லை. தமிழில் அதற்கு இருக்கிற சொல்லெல்லாம் திட்டுகிற சொல்லாகவே இருக்கிறது.

பிறகு வாரத்துக்கு ஒரு தடவை அந்த ராஜாவின் பிரெஞ்சுக்காரி கதை கேட்பீர்கள். நான் கைபேசியில் தேடிப் படித்துவிட்டு வந்து, படியில் உட்கார்ந்து, கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல்வேன். நீங்கள் கதை கேட்கவில்லை அக்கா, பாடம் படித்தீர்கள். அவள் ராணியிடம் மரியாதையாக இருந்தாள், பூ அனுப்பினாள் என்று சொன்னேன். அடுத்த வாரமே கோலாலம்பூர் போகிற காய்கறி லோரியில் துரை சம்சாரத்துக்கு ஒரு கூடை ஸ்ட்ராபெரி போனது. அவர் போனில் உங்களை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் பீங்கான் ஃபேக்டரியை வளர்த்தாள் என்றேன். நீங்கள் டூரிஸ்ட் சென்டரில் ஸ்கோன் போடச் சொல்லிக் கொடுத்தீர்கள். இன்றைக்கும் அங்கே விற்பது உங்கள் கைப்பக்குவம்தான். வெள்ளைக்காரர்கள் தின்றுவிட்டு எங்கள் ஊர் போலவே இருக்கிறது என்கிறார்கள். அவளைப் பற்றியும் அசிங்கமாகப் பாட்டுக் கட்டினார்கள், ஒரு மந்திரிக்கு அதனாலேயே வேலை போனது என்றேன். என் டையைப் பார்த்து அப்படிச் சிரித்தீர்கள்.

ராஜா அவள் படுக்கைக்கு வருவது நின்றுபோன பிறகும் அவள் அதிகாரம் போகவில்லை என்று சொன்னபோதுதான் கத்தியைக் கீழே வைத்தீர்கள்.

"எப்பிடிடா?"

"பேச்சு, சாப்பாடு, நாடகம். ராஜாவுக்குச் சலிப்பே வராம பாத்துக்கிட்டாளாம்."

"அதான். சலிச்சுப்போன ஆம்பள பசிச்ச நாய்டா. எந்த வீட்டுத் தட்ட வேணா நக்கும்" என்றீர்கள். துரைக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு மூன்று வகை சம்பல் போனது எனக்குத் தெரியும்.

மாரியம்மன் திருவிழாவுக்கு வருகிறேன். அதை எழுதாமல் தப்பிக்க முடியாது.

வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம். ரதம் கிளம்புவதற்கு முன் துரையும் துரைசானியும் முன்னால் வந்து மாலை போட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் கயிற்றைத் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். தொப்பி போட்ட வெள்ளைக்காரி, கழுத்தில் செவ்வந்தி மாலையோடு விழிக்கிற படம் இன்னும் ஆபீஸில் தொங்குகிறது. வருஷா வருஷம் திருவிழாவின் அன்னதானம், பூ, மேளம் எல்லாம் நீங்கள். மாலை மட்டும் கோலாலம்பூரிலிருந்து வருகிற கழுத்துக்கு. நீங்கள் பெண்கள் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்பீர்கள். அந்த வரிசையில் உங்களைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும்.

அந்த வருஷம் ஸ்கூல் லீவில் திருவிழா. தாப்பா ரோட்டில் ஜாம். துரை சம்சாரம் பாதி மலையில் மாட்டிக்கொண்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பூசை செய்ய வந்தவர் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து ஒரு வாரம்கூட ஆகாத புதுக் குருக்கள். அவருக்கு எஸ்டேட் வழக்கம் சொல்லிக் கொடுத்த கோயில் கமிட்டித் தலைவர், எஸ்டேட் வம்பைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் இதுதான்: ஒரு வாரமாக ஓர் அம்மா பட்டுச்சேலையில் எல்லாரையும் அதட்டுகிறார், எல்லாரும் பெரியம்மா என்று குனிகிறார்கள், துரைக்குச் சட்டைக் காலரை அந்த அம்மாதான் சரி செய்கிறார். குருக்கள் மாலைத் தட்டைத் தூக்கினார். மைக்கில் சொன்னார்: "துரைசானி அம்மா, முன்னாடி வாங்கோ."

உங்களைப் பார்த்துச் சொன்னார்.

அங்கே அத்தனை பேர் இருந்தோம். ஒருவர் வாய் திறந்து, ஐயரே அவங்க இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலைவர் பக்கத்திலேயே நின்றார். உங்கள் தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். நானும்தான் நின்றேன். எல்லாருக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. மேளக்காரன்கூட அடிப்பதை நிறுத்திவிட்டான். நீங்கள் போக மாட்டீர்கள் என்று நினைத்தேன். உங்களைப் போலக் கணக்குத் தெரிந்தவர் எஸ்டேட்டில் இல்லை. ஆனால் கூட்டம் விலகியது. நீங்கள் நடந்து போனீர்கள். குருக்கள் உங்கள் கழுத்தில் மாலையைப் போட்டு, துரை பெயரையும் உங்கள் பெயரையும் கேட்டுத் தம்பதி சமேதமாக அர்ச்சனை செய்தார். துரை சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் முகத்தை நான் பார்த்தேன். எழுத்துக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த முகத்தை எழுத எனக்கு வராது.

அர்ச்சனை முடிவதற்குள் ஃபோர்வீல் வண்டி வந்து நின்றது. துரை சம்சாரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். குருக்கள் தட்டோடு திகைத்து, "இவா யாரு?" என்றார்.

துரை சிரித்தார். ஸ்பூனைக் கீழே வைக்காத அதே குரல். "சாமி, இவங்கதான் துரைசானி. அது நம்ம பங்களா சமையக்காரம்மா."

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு எஸ்டேட்டே சிரித்தது. துரை சம்சாரம் நல்ல மனசோடு, "பரவால்ல அக்கா, போட்டுக்குங்க. காலையிலேருந்து வேல செஞ்சிருப்பீங்க" என்றார். அதைவிடத் துரை உங்களை அறைந்திருக்கலாம். மாலை இரண்டுதான் கட்டியிருந்தார்கள். தலைவர் முன்னால் வந்தார். உங்கள் தயவில் வேலையைக் காப்பாற்றிக்கொண்ட கை, உங்கள் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றியது. குருக்களிடம் நீட்டி, "கொஞ்சம் மஞ்சத் தண்ணி தெளிச்சிருங்க சாமி" என்றார். தெளித்தார்கள். பூவுக்குத் தீட்டுக் கழிந்தது. துரை சம்சாரம் கழுத்தில் ஏறியது. ரதம் கிளம்பியது. நீங்கள் அன்னதானப் பந்தலுக்குப் போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, சிரித்த ஒவ்வொருத்திக்கும் இலையில் ஊற்றினீர்கள். பேதி வரும் என்று பயந்து நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் சமையலறைப் படி காலி. கோழியும் இல்லை, முறுக்கும் இல்லை. வம்பு எங்கேயோ அங்கே என் கால் போகும் என்பதால் நான் மட்டும் போனேன்.

"நீயாவது வராம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்" என்றீர்கள்.

"ஏங்க்கா போனீங்க? ஐயருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்லா."

பீன்ஸின் நாரை உரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "கூப்பிட்டாங்கடா. இத்தன வருசத்துல மொத தடவையா கூப்பிட்டாங்க. எந்திரிக்காம எப்பிடி இருக்கிறது?"

அந்த மாதமே துரை சம்சாரம் மலையிலேயே தங்குவதாக முடிவானது. அதைத் துரை உங்களிடம் சொல்லவில்லை. கிராணியிடம் சொல்லி அனுப்பினார். கிராணி இந்தத் தடவை சிகரெட்டை அணைக்காமலே சொன்னார். பங்களாவை விட்டு இறங்கி, லைன் வீட்டில் கடைசிக்கு முந்தியது உங்களுக்கு. தோட்டத்தோடு இருந்த கடைசி வீட்டை நீங்கள்தான் ஏற்கெனவே வேறு யாருக்கோ வாங்கிக் கொடுத்திருந்தீர்களே. அந்தப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உங்களைப் பார்த்தால் கோழியை விரட்டுவது போலச் சத்தம் போடுவாள். துரை பிறகு பதவி உயர்ந்து கோலாலம்பூருக்கே போய்விட்டார். போகும்போது லைன் பக்கம் வண்டி திரும்பவில்லை. அந்த ரோடு சின்னது என்று சொன்னார்களாம்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு நான்தான் காடியில் கூட்டிப் போவேன். ஒரு தடவை திரும்பி வரும்போது கேட்டீர்கள்.

"அந்தப் பிரெஞ்சுக்காரி கடைசியில என்ன ஆனாடா? அத மட்டும் நீ சொல்லவே இல்ல."

மழுப்பப் பார்த்தேன். நீங்கள் விடவில்லை. சொன்னேன். ராஜ குடும்பத்தைத் தவிர வேறு யாரும் அந்த அரண்மனையில் சாகக்கூடாது என்பது வழக்கம். அவளை மட்டும் ராஜா அங்கேயே சாக விட்டான். உயிர் போனதும் உடம்பை உடனே வெளியேற்றிவிட்டார்கள். ஊர்வலம் போன அன்றைக்கு மழை. ராஜா மாடியில் நின்று பார்த்துக்கொண்டே, பயணத்துக்கு வானிலை சரியில்லையே என்பது போல ஏதோ சொன்னானாம்.

நான் எதிர்பார்த்தது அழுகை. நீங்கள் இருமி இருமிச் சிரித்தீர்கள். வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

"மாடி வரைக்கும் வந்தானா?" என்றீர்கள். "குடுத்து வச்சவ."

பிறகு சிரிப்பில்லாமல் சொன்னீர்கள்: "டேய், நான் செத்தா சமையக்காரின்னு சொல்லித் தூக்கிராதீங்கடா."

"வேற என்னன்னு சொல்றதுக்கா?"

"அத நீ யோசி. வாய் வச்சுக்கிட்டுத்தான ஊர ஏமாத்துற."

நீங்கள் போன அன்றைக்குக் காலையிலிருந்தே மேகம் கீழே இறங்கியிருந்தது. லைன் வாசலில் பந்தல். கோலாலம்பூரிலிருந்து மலர்வளையம் முதலில் வந்தது. அட்டையில் ‘பங்களா ஊழியருக்கு அஞ்சலி’ என்று இருந்தது. பிறகு தலைவருக்குத் துரையிடமிருந்து போன். தலைவர் பயபக்தியோடு ஸ்பீக்கரில் போட்டார். "மழ வர்றதுக்குள்ள எடுத்துருங்க. அந்த ரோடு சறுக்கும்" என்றது துரையின் குரல். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் அழுவதாக நினைத்து ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பண்டாரம் சடங்கெல்லாம் முடித்துவிட்டு, "பொறந்த வீட்டுக் கோடி யாரு?" என்றார்.

செத்த பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது இல்லாமல் தூக்கக் கூடாது. உங்கள் தம்பி எஸ்டேட் லோரிக்குப் பக்கத்தில் நின்றான். எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவன் டயரைப் பார்த்தான். நான் போய்க் கேட்டேன்.

"மக நிச்சயம் வருதுண்ணே. இப்ப கோடி போட்டா அக்கான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்லா" என்றான்.

பண்டாரம் மறுபடி கேட்டார். மழையைப் பார்த்துக்கொண்டு தலைவர் மைக்கை எடுத்தார். "நம்ம எஸ்டேட் பங்களாவுல நீண்ட காலம் சமையல்..." என்று ஆரம்பித்தார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். என் உடம்போடு ஓடுவது என்பது, நடப்பவர்கள் என்னைத் தாண்டிப் போகிற ஒரு செயல். தீபாவளிக்கு ஈப்போவில் வாங்கிய சேலை அலமாரியில் இருந்தது. "உங்க ஆளுக்கு என் சேலையா?" என்றாள் மனைவி. பிறகு அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, உள்ளேயிருந்து இன்னும் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "அது சாயம் போகும்" என்றாள். உடம்போடு போகிற சேலை சாயம் போனால் என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சேலையோடு வந்து நின்றேன். மூச்சு வாங்கியது.

"நீங்க யாரு?" என்றார் பண்டாரம்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன் அக்கா. பட்டத்து ஏதோ ஒன்று என்று பெரிதாகச் சொல்ல வேண்டும், தலைவர் மைக்கைக் கீழே போட வேண்டும் என்றெல்லாம். வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி. எங்க அக்கா இவங்க."

உங்களுக்குப் போதாது என்று தெரியும். துரைசானிக்குக் கீழே எதுவும் உங்களுக்குப் பிடிக்காது. என்னிடம் இருந்தது அவ்வளவுதான். போர்த்தினேன். தலைவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தூக்குவதற்கு எங்கள் ஆண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முதுகு வலி வந்துவிட்டது. நீங்கள் சோறு போட்ட பங்களாதேஷ் பையன்கள் தோள் கொடுத்தார்கள். ரோடு சறுக்கத்தான் செய்தது. அவர்கள் சறுக்கவில்லை.

அதற்குப் பிறகு எஸ்டேட் எனக்கு ஒரு பெயர் வைத்தது. யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. நான் கட்டிய பாட்டைவிட வேகமாகப் பரவியது.

போன மாதம் கம்போங் ராஜா ஊருக்குப் பெண் கேட்டுப் போனோம். என் மகன் விரும்பிய பெண். அப்பா செவ்வந்தி பயிரிடுகிறவர். நல்ல குடும்பம், நல்ல பலகாரம். தட்டு மாற்றுவதற்கு நாள் பார்க்கலாம் என்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டது. அந்த மனிதர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. விசாரிச்சோம். உங்கள பங்களாக்காரி தம்பின்னு சொல்றாங்க. ஊர்ல சும்மா சொல்றதுதான? கூடப் பொறந்தவங்க இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா எங்க பெரியவங்களுக்குப் போதும்லா."

நல்ல மனிதர். பதிலையும் அவரே கையில் எடுத்துக் கொடுத்தார். உண்மையும் அதுதான். நாம் ஒரே ஆட்கள்கூடக் கிடையாது. மகன் என்னைப் பார்த்தான். மனைவி முறுக்கைப் பார்த்தாள். எனக்கு எப்போதும் ஒரு நக்கல் நாக்கில் தயாராக இருக்கும். அன்றைக்கு அது வரவில்லை.

"இல்லீங்க. எங்க அக்காதான்" என்றேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பினோம். அவர்கள் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. திரும்பி வருகிற வழியில் மனைவி, "ஒரு வார்த்ததான கேட்டாங்க" என்றாள். பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு சூடாகக் கிடைக்கவில்லை. மகன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அந்தப் பெண்ணோடு பேசுகிறான் என்று கேள்வி. பார்க்கலாம்.

டூரிஸ்ட்டுகளுக்கு நான் கைடு. வீட்டில் நான் எருமை. எஸ்டேட்டில் என் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஃபேக்டரி வாசலில் நிற்கும்போது பின்னாலிருந்து எவனாவது, "ஏய் பங்களாக்காரி தம்பி" என்று கூப்பிடுகிறான். திட்டிக்கொண்டேதான் திரும்புகிறேன் அக்கா. ஆனால் திரும்புகிறேன்.